நாலாம் அத்தியாயத்தில் ஒரு தூண்

வரைபடக்காரி ஓர் ஆய்வேட்டைக் கையில் எடுத்தால் போதும், அதிலுள்ள பொய்க்கணக்குகள் எல்லாம் தாமாகவே எழுந்து வாசல் வழியாக ஓடிவிடும். ஒருமுறை ஒரு விழுக்காட்டுக் குறி துறைக் கட்டடத்துப் படிக்கட்டில் தடுக்கி விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். ஓடியவை கணக்குகள் இல்லை, அவற்றை எழுதியவர்கள். படிக்கட்டில் விழுந்தது மட்டும் உண்மை. விழுந்தவன் குடிநீர்க் குழாய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நெட்டையன். அவனுக்கு அடி ஒன்றும் பலமில்லை, ஏட்டுக்குத்தான்.

படிக்க வருவதற்கு முன்னால் அவள் நகராட்சி அலுவலகத்தின் மாடியில், ஜன்னலோரமாக ஒரு சாய்வு மேசையில் உட்கார்ந்து, தெருக்களையும் சாக்கடைகளையும் வரைந்துகொண்டிருந்தவள். அதனால்தான் அந்தப் பெயர். காகிதத்தில் ஒரு சுவர் கோணலாகப் போனால் அவளுக்குப் பல் கூசும். நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தின் நகரவியல் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது, அந்தப் பல்கூச்சத்தையும் கூடவே கொண்டு வந்துவிட்டாள்.

அந்தத் துறையில் ஒரு நடைமுறை உண்டு. ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன், கூடப் படிக்கிற ஒருவர் அதை முழுக்கப் படித்து, ஏட்டை எழுதியவரிடமே குறைகளை நேரில் சொல்லி, 'உடன்வாசகர்' என்று முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாத ஏட்டை அலுவலகத்தில் தொடக்கூட மாட்டார்கள். குறை சொல்வதற்கும் முறை வகுத்திருந்தார் துறைத் தலைவரான பேராசிரியை. முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி ஒரு பாராட்டு. சிவப்பு மை கூடவே கூடாது, மனம் புண்படும். பென்சில்தான். வரைபடக்காரி இந்த முறையிலிருந்து இம்மியும் பிசகியதில்லை. "தலைப்பு நன்றாக இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. எழுத்து நல்ல பெரிதாக இருக்கிறது" என்று அழகாகப் பென்சிலில் எழுதிக் கொடுப்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு வந்து வாய்த்தார் ஒரு சக மாணவர். அவர் அவளுடைய மாமனார்.

மனிதர் நகரத்தின் பெரிய பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்ப வேண்டும், ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே வீட்டில் இருப்பவர்களுக்கு நேரம் குறிக்கத் தொடங்கினார். மகன் குளித்துவிட்டு வெளியே வந்தால் வாசலில் கடிகாரத்தோடு நிற்பார். மாமியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாள் மருமகளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ படிக்கற எடத்துல இவருக்கும் ஒரு எடம் இருக்குமான்னு கேளேன். ஏற்கெனவே அஞ்சல்ல படிச்சு எம்.ஏ. வாங்கி வெச்சிருக்கார். இன்னொண்ணும் படிக்கட்டும். வாய் கொஞ்சம் ஓயும்."

"கேக்கறேன் அத்தை" என்றாள் வரைபடக்காரி. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் என்ன என்று யாராவது கேட்டால், அந்த இரண்டு சொற்களைக் காட்டினால் போதும்.

இடம் கிடைத்தது. அதுவும் அவள் மேசைக்கு அடுத்த மேசை. வீட்டில் காலையில் "அம்மாடி, தேத்தண்ணி ஆச்சா?" என்று கேட்கும் அதே குரல், துறையில் "அம்மாடி, பசை இருக்கா?" என்று கேட்டது. பேருந்து நிலையத்தில் மக்கள் எங்கெங்கே காத்திருக்கிறார்கள், ஏன் அங்கே காத்திருக்கிறார்கள் என்பது அவருடைய ஆய்வுப் பொருள். நல்ல பொருள்தான். ஆனால் அவர் எழுதுகிற விதம் இருக்கிறதே! பக்கத்தின் மேலே இரண்டு வரி இருக்கும். அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பக்கம் முழுக்க எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்தில் அடிக்குறிப்புகள். ஒரு பக்கத்தின் மேலே 'ஆனால்' என்ற ஒரே சொல்தான் இருந்தது, மிச்சமெல்லாம் அடிக்குறிப்பு என்று துறையில் பேசிக்கொள்வார்கள். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயரும் அதுதான்: அடிக்குறிப்பு. அவர் காதுபடவே கூப்பிடுவார்கள். அதை அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

கெடு தாண்டித் தாண்டி, நீட்டிக்க இனி வழியில்லை என்ற கட்டம் வந்தது. பேராசிரியை அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். வரைபடக்காரியும் அறையில் இருந்தாள்.

"சார், இதான் கடைசி. இந்தத் தடவை ஏடு உள்ள வரலைன்னா உங்க பதிவு ரத்தாயிடும். ஏடு உள்ள வந்து, வெளியிலேருந்து வர்ற தேர்வாளர் வேணாம்னு சொல்லிட்டாலும் அதே கதிதான். உங்க வயசுக்கு மறுபடி சேர்க்க விதியில இடமில்ல. புரியுதா?"

"புரியுதும்மா."

"உடன்வாசகர் யாரு?"

"வெளியாளுக்கு எதுக்கு சிரமம்? நம்ம வீட்டுலயே ஆள் இருக்கே" என்று அவர் பெருமையோடு பக்கத்தில் கைகாட்டினார்.

கோப்பு கொண்டு வந்த எழுத்தருக்குச் சந்தேகம். "சொந்தக்காரங்க கையெழுத்து செல்லுமா மேடம்?"

"மகள்னா யோசிக்கணும்" என்றார் பேராசிரியை. "மருமகள்னா தாராளமா செல்லும்."

முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு வரைபடக்காரி முறைப்படியே ஆரம்பித்தாள்.

"ரொம்ப விரிவா எழுதியிருக்கீங்க மாமா. ஆனா நீங்க என்ன கண்டுபிடிக்கப் போறீங்கன்னு கடைசி வரைக்கும் ஒரு வரிகூட இல்ல. படிக்கறவங்க பாதி வழியிலயே எறங்கிடுவாங்க. நடை நல்லாயிருக்கு."

அவர் கவனமாகத் தலையாட்டிக்கொண்டார். அன்று மாலை அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே பேச்சுக் கேட்டது.

"விரிவா இருக்காம். நடை நல்லாயிருக்காம்."

"நடுவுல ஏதோ சொல்லியிருப்பாளே?" இது மாமியார்.

"நடுவுல இருமினா."

வரைபடக்காரி வாசலிலேயே நின்று தலையில் அடித்துக்கொண்டாள். சத்தம் உள்ளே கேட்டிருக்கும். அதையும் அவர் இருமல் கணக்கில்தான் சேர்த்திருப்பார்.

வாயால் சொன்னால்தானே இருமல், எழுத்தில் கொடுத்துவிடலாம் என்று அடுத்த இரண்டு அத்தியாயங்களுக்கும் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள். 'இதற்கு ஆதாரம் எங்கே?' என்று ஓரிடத்தில். 'இது போன பக்கத்திலேயே வந்துவிட்டது' என்று இன்னோரிடத்தில். 'இந்த வாக்கியம் எங்கே முடிகிறது?' என்று பல இடங்களில். சொன்ன நாளுக்கு முன்னாலேயே திருத்திக் கொண்டுவந்து நீட்டினார். அவள் ஆவலோடு புரட்டினாள். மேலே ஓர் எழுத்தும் மாறவில்லை. கோட்டுக்குக் கீழே புதிய எறும்புகள் ஊர்ந்தன. 'இதற்கு ஆதாரம் கேட்போர் உளர். அவர்தம் ஆர்வம் பாராட்டத்தக்கது.' 'இது முன் பக்கத்திலும் கூறப்பட்டது, முக்கியம் கருதி.' 'நீண்ட வாக்கியங்களில் சில வாசகர் களைப்படைவர். அவர்கள் சற்று நிறுத்திப் படிக்கலாம்.'

"மாமா, நான் திருத்தச் சொன்னேன்."

"திருத்திட்டேனேம்மா. உன் கருத்து ஒண்ணு விடாம உள்ள வந்துடுச்சு. பாரு, உனக்குத் தனியா நன்றிகூடப் போட்டிருக்கேன்."

"எங்க?"

"அடிக்குறிப்புல."

கணவனிடம் முறையிட்டுப் பார்த்தாள். "உங்க அப்பாகிட்ட நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எனக்கு வேலையிருக்கு."

"ஞாயித்துக்கிழமை என்ன வேலை?"

"துணி காயப்போடணும்" என்று சொல்லிவிட்டு, இன்னும் துவைக்காத துணிகளை வாளியோடு தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறிவிட்டான். கல்யாணமான நாளிலிருந்து அவன் துணியைத் தொட்டது அன்றுதான்.

அப்புறம் வந்தது நாலாம் அத்தியாயம்.

ஏட்டின் உயிரே அங்கேதான் இருந்தது. பேருந்து நிலையத்தின் கிழக்கு மூலையில் மக்கள் காத்திருப்பதே இல்லை என்று மாமனார் கண்டுபிடித்திருந்தார். பெஞ்சு இருக்கிறது, விசிறி இருக்கிறது, நிழல் இருக்கிறது. ஆனாலும் ஆள் இல்லை. நாள் தவறாமல் போய் உட்கார்ந்து, கையில் அழுத்தினால் டிக் என்று எண் ஏறும் கருவியை வைத்துக்கொண்டு எண்ணியிருந்தார். அந்த மூலைக்கு 'தவிர்ப்பு மூலை' என்று பெயரும் சூட்டியாகிவிட்டது. ஏன் தவிர்க்கிறார்கள் என்பதற்குக் காற்றின் திசை, வெளிச்சத்தின் கோணம், குகையில் வாழ்ந்த ஆதிமனிதனின் அச்சம் என்று ஒரு பெரிய கோட்பாடே எழுப்பியிருந்தார். எண்ணிக்கை சுத்தமாக இருந்தது. முதன்முறையாக அவரைப் பற்றி அவளுக்கு மரியாதை வந்தது. உண்மையாகவே பாராட்டலாம் போலிருக்கிறதே என்று பென்சிலைத் தேடினாள்.

அப்போதுதான் அவருடைய படத்தைப் பார்த்தாள். பார்த்ததும் பல் கூசியது.

படத்தில் நடைமேடைகள் இருந்தன, பெஞ்சுகள் இருந்தன, குப்பைத் தொட்டிகூட இருந்தது. அவ்வளவு பெரிய கூரையைத் தாங்குகிற தூண் ஒன்றைக்கூடக் காணோம். கூரை அந்தரத்தில் மிதந்தது. மறுநாள் பழைய அலுவலகத்துக்குப் போய், தன் கையாலேயே எப்போதோ வரைந்த நிலையத்து வரைபடத்தை எடுத்து விரித்தாள். மாமனார் உட்கார்ந்து எண்ணிய இடம் நேரக்காப்பாளரின் கண்ணாடி அறை. வேலை பார்த்த காலமெல்லாம் உட்கார்ந்த அதே நாற்காலி. புதிதாக வந்த நேரக்காப்பாளர் அவரிடம் வேலை கற்றவர், அதனால் எழுந்து இடம் கொடுத்திருக்கிறார். அந்த நாற்காலியில் ஒரு புள்ளி வைத்து, கிழக்கு மூலையை நோக்கி அளவுகோலால் கோடு இழுத்தாள். நடுவே விளம்பரப் பலகை கட்டிய ஒரு பருத்த தூண் கோட்டை மறித்தது. தூணின் இரண்டு விளிம்பையும் தொட்டு இரண்டு கோடு இழுத்தாள். தூணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத பகுதி முக்கோணமாக விரிந்தது. மாமனாரின் தவிர்ப்பு மூலையை அதன் மேல் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

ஆதிமனிதன் பாவம், அவனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இன்னொருத்தருடைய ஏடாக இருந்தால் வரைபடக்காரிக்கு அன்று சோறு இனித்திருக்கும். இப்போது தட்டை அப்படியே தள்ளி வைத்தாள். வரப்போகிற தேர்வாளர் கட்டடக் கலைஞர். அவர் படத்தைப் பார்த்ததும் முதலில் தூணைத்தான் தேடுவார். ஒரே ஒரு கேள்வி. அதோடு மாமனாரின் படிப்பு முடிந்தது, திரும்பி வரவும் வழியில்லை. இவர் வேறு உறவுக்காரர்களுக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லி முடித்துவிட்டார். முனைவர் என்று முன்னால் போட்டுப் பெயர்ப்பலகையும் தயார் செய்து பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தாள்.

"மாமா, நாலாம் அத்தியாயம் ரொம்ப நல்லா..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டாள். "இல்ல மாமா. இந்தத் தடவை முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணும் கெடையாது. நடுவுல உள்ளது மட்டும்தான். டைம் ஆபீஸ் கண்ணாடி ரூம்ல உக்காந்தா கிழக்கு மூலை தெரியாது. தூண் மறைக்குது."

"எந்தத் தூண்?"

"விளம்பரம் கட்டியிருக்கே, அந்தத் தூண்."

"அது எப்பவும் இருக்கற தூண்தானேம்மா."

"எப்பவும் இருக்கு. எப்பவும் மறைக்குது."

அவர் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். கொஞ்ச நேரத்தில் முகம் மலர்ந்தது.

"சரிம்மா. தூணுக்கு ஒரு அடிக்குறிப்பு போட்டுடலாம்."

மாமியார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். வரப்போவது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"தூணுக்கு அடிக்குறிப்பு போட்டா தூண் நகந்து போயிடுமா மாமா?" வரைபடக்காரி எழுந்தே விட்டாள். "வீடு ஒழுகுதுன்னு சொன்னா, ஒழுகுதுன்னு செவுத்துல எழுதி வெப்பீங்களா? இது ஓரத்துல எழுதற குறையில்ல. அத்தியாயமே போச்சு! ஆளே இல்லன்னு நீங்க எழுதியிருக்கற எடத்தை நீங்க பாக்கவே இல்ல. இதுக்கு நான் கையெழுத்து போட மாட்டேன்."

"அந்த நிலையத்துல ஒரு ஈ உள்ள வந்தாலும் எனக்குத் தெரியும்மா!"

"தூணுக்கு இந்தப் பக்கம் வந்தா தெரியும்."

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் துறையில் அவர் மேசை அறையின் அந்தக் கோடிக்கு நகர்ந்திருந்தது. "அந்த அம்மாகிட்ட கத்தரிக்கோல் இருந்தா வாங்கித் தாங்க" என்று எழுத்தரைத் தூது விட்டார். வீட்டில், "உன் மருமக சாப்பிட்டாச்சான்னு கேளு" என்று மாமியாரைத் தூது விட்டார். மாமியார் இரண்டு பக்கமும் செய்தி கொண்டுபோனார். போகிற வழியில் தன் பங்குக்குக் கொஞ்சம் காரம் சேர்த்துக்கொண்டார் என்று சந்தேகம்.

இதற்குள் நெட்டையன் ஒரு வேலை செய்தான். "நான் கையெழுத்து போடறேன் ஐயா, படிக்கக்கூட வேணாம்" என்று மாமனாரிடம் பேனாவைத் திறந்து காட்டிவிட்டான். படிக்கட்டில் விழுந்த கடுப்பு அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

செய்தியைக் கேட்ட மாமியார் சமையல்கட்டில் மருமகளிடம், "விட்டுத் தொலையேன்" என்றார். "நீ சொல்லியாச்சு. கேக்கலைன்னா அவர் பாடு."

"விட்டா என்னாகும்னு உங்களுக்குத் தெரியல அத்தை. அத்தனை பேர் முன்னாடி அவரை நிக்கவெச்சு ஒரு ஆள் 'தூண் எங்கே'ன்னு கேப்பான். இவர் முழிப்பார். அதை நான் உக்காந்து பாக்கணுமா? எரிச்சல் வேற, இது வேற."

மாமியார் அவளை ஒரு முறை பார்த்தார். "அப்ப கையப் புடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டு."

வரைபடக்காரி கூடத்துக்குப் போனாள். "மாமா, நெட்டையன் கையெழுத்து போடட்டும். நான் குறுக்க நிக்கல. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை என்கூட நிலையத்துக்கு வாங்க. உங்க நாற்காலியில உக்காந்து எண்ணுங்க. நான் சொன்னது தப்புன்னா நானே கையெழுத்து போடறேன். பாராட்டும் எழுதறேன், முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு."

அவர் பேசக் கூடாது என்ற வைராக்கியத்தை ஒரு நிமிடம் மறந்தார். "நடுவுல?"

"நடுவுல இருமறேன்."

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் செருப்பைத் தேடினார்.

நிலையத்தில் காலைக் கூட்டம். கண்ணாடி அறையில் இப்போதைய நேரக்காப்பாளர் துள்ளி எழுந்து நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். மாமனார் உட்கார்ந்து, எண்ணும் கருவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ராஜா செங்கோலைப் பிடித்தாற்போல. வரைபடக்காரி பெட்டிகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவே புகுந்து, விளம்பரத் தூணைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள்.

போனவள் திகைத்து நின்றாள். ஆட்கள் இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும், வரைபடம் சொல்லியிருந்தது. இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று எந்த வரைபடமும் சொல்லவில்லை. பெஞ்சில் இடமில்லாமல் தரையில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நடத்துநர் பணப்பையைத் தலைக்கு வைத்து நல்ல தூக்கத்தில் இருந்தார். ஓட்டுநர்கள் தூணில் சாய்ந்து தேநீர் குடித்தபடி யாரையோ பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிஸ்கட் விற்பவன் கடையே பரப்பியிருந்தான். நிலையம் முழுக்க இங்கேதான் குடியிருந்தது.

தொலைபேசியை எடுத்தாள்.

"மாமா, நான் தெரியறேனா?"

"இல்லையே. எங்க போயிட்ட?"

"கிழக்கு மூலையில எத்தனை பேர்?"

"யாரும் இல்ல. நான்தான் எழுதியிருக்கேனே."

"உங்க நாலாம் அத்தியாயத்துக்கு உள்ளதான் நிக்கறேன் மாமா. உக்கார எடமில்ல. எந்திரிச்சு வாங்க."

அவர் வந்தார். தூணைச் சுற்றி அவர் தலை தெரிந்ததும், ஓட்டுநர்கள் மொத்தமாக விறைத்து நின்றார்கள். ஒருவர் தேநீர்க் குவளையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். இன்னொருவர் தூங்குகிறவரைக் காலால் தட்டி, "யோவ், சார் வந்துட்டார்" என்றார். ஓய்வு பெற்றவரைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெரிய பையோடு தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி மட்டும் அசையவில்லை. மாமனார் அவரைக் கேட்டார், குரலில் பழைய ஒலிபெருக்கி இருந்தது.

"ஏம்மா, அந்தப் பக்கம் பெஞ்செல்லாம் காலியா கெடக்கு. இங்க ஏன் இப்படி நெருக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

"அங்க உக்காந்தா மைக்குல சொல்ற நேரம்தான் தெரியும். இங்க உக்காந்தா வண்டி நெசமா கெளம்பற நேரம் தெரியும். டிரைவருங்க இங்கதானே இருக்காங்க."

"அவங்க ஏன் இங்க இருக்காங்க?"

"அந்தக் கண்ணாடி ரூம்ல ஒரு பெரியவர் இருந்தாராம், எந்நேரமும் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு. அவர் கண்ணுல படாத எடம் இது ஒண்ணுதானாம். ஆள் போயிட்டாராம். ஆனா இவங்களுக்குப் பழகிப்போச்சாம்."

ஓட்டுநர்கள் தரையைப் பார்த்தார்கள். பிஸ்கட்காரன் பிஸ்கட்டை அடுக்கினான்.

வரைபடக்காரி மனதுக்குள் ஒரு வெற்றிக்கொடியை ஏற்றுவதற்குத் தயாராகக் கட்டி வைத்திருந்தாள். அதை மெதுவாக மடித்து வைத்தாள். மாமனார் அசையாமல் நின்றார். திட்டப் போகிறாரா, திரும்பிப் போகப் போகிறாரா என்று தெரியவில்லை. பிறகு கையிலிருந்த கருவியை உயர்த்தி, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, அழுத்த ஆரம்பித்தார். டிக். டிக். டிக். தூங்கி எழுந்த நடத்துநரையும் விடவில்லை.

திரும்பும்போது பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கருவியில் ஏறியிருந்த எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அம்மாடி" என்றார் கடைசியில். "அவங்க தவிர்த்தது மூலையை இல்ல. என்னை."

ஆறுதல் சொல்ல வேண்டும் போல அவளுக்கு இருந்தது. நடுவில் உள்ளதைப் பாராட்டுக்குள் வைத்துச் சுருட்டிக் கொடுத்துத்தானே இவ்வளவு தூரம் வந்தது. "ஆமா மாமா" என்றாள்.

"இதுக்கு ஒரு அடிக்குறிப்பு..."

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் பேருந்தே நின்றிருக்கும்.

"...வேணாம். அத்தியாயமே போடறேன்."

போட்டார். நிலையத்தில் ஒவ்வொரு பெஞ்சாக மாறி மாறி உட்கார்ந்து மறுபடி எண்ணினார். கெடு நெருங்க நெருங்க அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. குளியலறைக் கதவைத் தட்டி, "அம்மாடி, அஞ்சாம் பக்கம் படிச்சியா?" என்று கேட்டார். அவள் உள்ளிருந்தே, "மாமா, ரெண்டாவது பத்தியை எடுங்க, அதையேதான் மூணாவதுலயும் சொல்றீங்க" என்று கத்தினாள். எடுத்தார்! எடுத்துவிட்டு ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அது வேறு விஷயம். கண்காணிக்கிறவர் உட்காரும் இடமே மக்கள் எங்கே கூடுவார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது, எண்ணுகிறவரும் ஒரு கண்காணிப்பவரே என்பதுதான் புதிய நாலாம் அத்தியாயம். வரைபடக்காரி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அதைப் படித்தாள். படித்து முடித்து, பென்சிலை எடுத்து, ஓரமெல்லாம் நிரப்பினாள். அவ்வளவையும் அவர் திருத்திய பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். நெட்டையன் பேனாவை மூடி வைத்துக்கொண்டான்.

வாய்மொழித் தேர்வன்று கூடம் நிரம்பியிருந்தது. மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகன், அதற்கடுத்து மருமகள். கட்டடக் கலைஞரான தேர்வாளர் ஏட்டைத் திறந்து, ஒப்பிட்டுக் காட்டவென்று மாமனார் முதலில் விட்டு வைத்திருந்த பழைய படத்தைப் பார்த்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"தூண் எங்கே?" என்றார்.

"அதுதான் ஐயா நாலாம் அத்தியாயம்" என்றார் மாமனார்.

சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. தான் அங்கே நாள்கணக்கில் உட்கார்ந்து ஒன்றையும் பார்க்காததை, தன் வாயாலேயே, ஒரு சொல் மறைக்காமல் சொன்னார். தேர்வாளர் இடையிடையே சிரித்தார். கடைசியில் ஏட்டை மூடி, "பட்டத்துக்குப் பரிந்துரை செய்றேன்" என்றார். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமானது. மகன் எழுந்து நின்றே தட்டினான்.

"ஒண்ணே ஒண்ணு, என் ஆர்வத்துக்குக் கேக்கறேன்" என்றார் தேர்வாளர். "இந்த முடிவு வேற எங்கெல்லாம் பொருந்தும்?"

மாமனார் அடக்கத்தோடு கைகட்டிக்கொண்டார். "அவ்வளவு தூரம் நான் உரிமை கொண்டாடல ஐயா. இது பேருந்து நிலையத்துக்கு மட்டும்தான். வேற எந்த எடத்துலயும் இப்படி நடக்க வாய்ப்பில்ல."

வரைபடக்காரிக்குப் பல் கூசியது. கடைசி நேரத்தில் ஆதாரமில்லாத ஒரு வாக்கியம்! பென்சிலும் கையில் இல்லை.

"பார்வையாளர்கள் யாராவது ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம்" என்றார் பேராசிரியை, வழக்கமான பேச்சாக.

முன்வரிசையில் மாமியார் எழுந்து நின்றார்.

"அது சரியில்லீங்க" என்றார். "எங்க வீட்டு ஹால்ல இவர் நாற்காலியில உக்காந்து பாத்தா சமையல்கட்டு தெரியாது. நாங்க எல்லாரும் அங்கதான் இருப்போம்."